எருமைக்குப் போட்ட உறை

பிப்ரவரி 5, வியாழன்

இன்று காலை கருவை உள்ளே வைத்தார்கள். மூன்றாவது தடவை. டாக்டரம்மா திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, "பாருங்க, அதுதான்" என்றார். எனக்குத் தூசி மாதிரிதான் தெரிந்தது. இருந்தாலும் தலையாட்டினேன்.

ரத்தப் பரிசோதனை பத்தொன்பதாம் தேதி. அதுவரை எப்படி இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பூபதி கேட்டார். "பாரம் தூக்க வேண்டாம். மத்தபடி எப்பவும் போல இருங்க" என்றார் டாக்டரம்மா. நாங்கள் காரில் ஏறுவதற்குள் அது படுத்த படுக்கை என்று ஆகிவிட்டது. பூபதி டைல்ஸ் கடை வைத்திருப்பவர், உடைகிற பொருளோடு புழங்கியே பழகியவர். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றி இறக்கினார். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார்.

வீட்டுக்கு வந்தால் பூபதியின் அக்கா நாயகி நங்கை காங்கேயத்திலிருந்து வந்து இறங்கியிருக்கிறார். தம்பி பெண்டாட்டியைக் கட்டிலைவிட்டு இறங்க விடாமல் பார்த்துக்கொள்வது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

இதுதான் கடைசி. தீபாவளிக்கே பேசி முடித்துவிட்டோம். இன்னும் ஒரு கருவை மருத்துவமனையில் உறைய வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை நிற்காவிட்டால் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது. பூபதிக்குத்தான் ஆசை. எனக்கு எப்படி இருந்தாலும் சரி.

பிப்ரவரி 6, வெள்ளி

கட்டிலில் மல்லாந்து கிடந்தால் மின்விசிறி தெரிகிறது. ஒருக்களித்தால் பீரோ. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாயிற்று.

பீரோவுக்கு மேல் எருமை நிற்கிறது. முழங்கை நீளத்துக்கு ஒரு ரிமோட் வண்டி. பறக்கிற ரகம் இல்லை, பாறை ஏறுகிற ரகம். கிராலர் என்பார்கள். ஆமை நடக்கிற வேகம்தான், ஆனால் ஆள் கால் வைக்க யோசிக்கிற பாறையில் நாலு சக்கரத்தையும் நாலு உயரத்தில் ஊன்றி ஏறிவிடும். கறுப்பு உடம்பு, அவசரமே கிடையாது. எருமை என்று நான்தான் பெயர் வைத்தேன். முப்பத்தேழு வயதில் பொம்மை காரா என்று கேட்பவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பதினைந்தாம் தேதி மதுக்கரைப் பாறைக்குழியில் போட்டி. இம்தியாஸ் நடத்துகிறான், எங்கள் கூட்டத்தில் அவனுக்குத்தான் வாய் அதிகம். போன வருஷம் நான் இரண்டாவது. இந்த வருஷம் மின்விசிறி பார்க்கிறேன்.

பிப்ரவரி 7, சனி

படுத்தேன். எழுந்தேன். திட்டு வாங்கினேன். படுத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எருமையைக் கீழே இறக்க வைத்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டு வைக்கிற மடக்கு மேசையைக் கட்டில்மேல் போட்டு, அதன்மேல் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. சக்கர அச்சை உடம்போடு பிணைக்கிற கம்பிகள் இருக்கின்றன, லிங்க் என்போம். கீழ்லிங்க் நாலும்தான் பாறையில் உரசி அடி வாங்குபவை. என்னுடையவை அலுமினியம். ஒவ்வொன்றிலும் விரல் நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கீறல். அந்தக் கீறலில் பாறை முனை கவ்விக்கொண்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

"இதையெல்லாம் மாத்தோணும்" என்றேன்.

பூபதி உடனே பேனாவை எடுத்துவிட்டார். கணபதி ஏரியாவில் ஒரு லேத்துப் பட்டறையில் எவர்சில்வர் கம்பியில் வெட்டி, மரை போட்டு வாங்கி வருகிறாராம். நான் எதையாவது கேட்டால் ஓடுகிறார் இப்போது. இரண்டு வருஷமாக இந்தக் குளியலறைக் குழாயை மாற்றச் சொல்கிறேன்.

ராத்திரி ஊசி. எண்ணெய் மருந்து, இடுப்பில். பூபதியே போடக் கற்றுக்கொண்டார். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, போட்ட பிறகு ஒரு தடவை என்று மன்னிப்புக் கேட்கிறார். "வலிக்குதா?" "நீங்க பேசறதுதான் வலிக்குது" என்றேன். சிரித்துவிட்டார்.

அவர் குப்பையில் போட்ட சிரிஞ்சைப் பார்த்தேன். வழவழப்பான கெட்டி பிளாஸ்டிக் குழாய். லிங்க் அதற்குள் நுழையுமா?

பிப்ரவரி 9, திங்கள்

நுழைகிறது!

ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிரிஞ்சை வெந்நீரில் கழுவி, முன்னால் நீட்டிய மூக்கையும் பின்னால் விரல் பிடிக்கிற காதையும் அறுத்துவிட்டால் கச்சிதமான உறை. ஒரு லிங்க்குக்கு இரண்டு வேண்டும். பாறை கவ்வாது, வழுக்கிக்கொண்டு போகும். கடையில் இதே மாதிரி உறை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கிறார்கள்.

பழைய ஊசிகளின் மிச்சமும் ஒரு டப்பா இருந்தது. முந்தின இரண்டு தடவையும் போட்டவை. நான் தூக்கிப் போடவில்லை, எதற்கென்று தெரியாமலே வைத்திருந்தேன்.

நங்கை வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏ கண்ணு, ஆஸ்பத்திரிச் சாமானுல என்ன வெளையாட்டு? அதுவும் கட்டல் மேல ரம்பத்த வெச்சுட்டு!"

"ரம்பம் பாரமில்லீங் நங்கை. டாக்டர் பாரந்தான் தூக்கக் கூடாதுன்னாங்க."

"வாய் மட்டும் நல்லா ஏறுது" என்று ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அவரே வந்து, எவ்வளவு நீளம் என்று கேட்டு, தரையில் உட்கார்ந்து அறுத்துக் கொடுத்தார். தேங்காய் உடைக்கிற கை, என்னைவிட நேராக அறுக்கிறார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

டாக்டர் ஒரு காப்பி குடிக்கலாம் என்றுதான் சொன்னார். நான் குடிப்பதில்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பீட்ரூட் பொரியலை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். நங்கை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உனக்குத்தான் பீட்ரூட்டுன்னா ஆவாதே?"

பசி, என்றேன்.

சின்ன அறையில்தான் என் வேலை மேசை இருக்கிறது. ஜன்னல் மேற்கே பார்த்தது, மதியத்துக்கு மேல் வெயில் நேராக அடிக்கிறது. கெட்டித் துணியில் ஒரு திரை போட்டால் தேவலை. சும்மா தோன்றியது, எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 11, புதன்

புது லிங்க் வந்துவிட்டது. எவர்சில்வர், பளபளவென்று இருக்கிறது. கனமும் கூட, கீழே கனம் இருந்தால் வண்டி சீக்கிரம் கவிழாது. நாலையும் மாட்டினேன். மேலே சிரிஞ்ச் உறை. உறைக்கும் முனைக்கும் நடுவில் கடுகளவு கம்பி வெளியே தெரிந்தது. அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் திணித்து அடைத்தேன். இப்போது ஒரு நூல் இடம் வெளியே தெரியவில்லை.

கையால் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தேன். லிங்க்கின் முனையில் இருக்கிற பந்து மூட்டு முன்போல லேசாகத் திரும்பவில்லை. கொஞ்சம் விறைப்பு. புதுசு, ஓட ஓடச் சரியாகிவிடும்.

மொசைக் தரையில் ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி போகிறது. இனி இதை எதுவும் அண்ட முடியாது.

பிப்ரவரி 12, வியாழன்

போட்டிக்கு நான் போகிறேன் என்றேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுகிறேன், பாறையில் இறங்க மாட்டேன்.

"அந்தக் குண்டுங்குழி ரோட்டுல உன்னக் கூட்டீட்டுப் போறதா? என்னைய வெட்டிப் போட்டாலும் முடியாது" என்றார் பூபதி.

"டாக்டர் எப்பவும் போல இருக்கச் சொன்னாங்க."

"டாக்டருக்கு என்ன, ஆயிரம் பேரு. எனக்கு நீ ஒருத்திதான்."

இப்படி ஒரு பதில் சொன்னால் மனுஷி எப்படித்தான் சண்டை போடுவது? தலையணையைத் தூக்கி எறிந்தேன். அதைப் பிடித்து, தட்டி, என் முதுகுக்கே வைத்தார். அப்புறம் கதவு வரை போனவர் திரும்பி, "வேணும்னா நான் ஓட்டட்டா? நீ போன்ல சொல்லு" என்றார்.

வேகத்தடைக்கே மூச்சைப் பிடிப்பவர்.

பிப்ரவரி 13, வெள்ளி

பயிற்சி. தலையணைகளை அடுக்கி மலை செய்தோம். பூபதி ரிமோட்டைத் தாம்பாளம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். வண்டி எதிலாவது முட்டினால் "அய்யோ பாவம்" என்கிறார். முட்டுவதுதான் அதற்கு வேலை என்று எத்தனை தடவை சொல்வது?

ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தேன். பாதையில் இருக்கும்போது வண்டியைக் கையால் தொடக் கூடாது. கவிழட்டும், தொங்கட்டும், தொட்டால் அபராதம்.

"கவுந்தாக் கூடவா?"

"கவுந்தாக் கூட."

"இது என்ன மனசில்லாத வெளையாட்டு" என்றார்.

பிப்ரவரி 14, சனி

மார்பில் இருந்த வலி குறைந்த மாதிரி இருக்கிறது. போன இரண்டு தடவையும்

எழுத மாட்டேன். எருமைக்குச் சார்ஜ் போட்டாயிற்று.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் குளியலறையில் கறை பார்த்தேன். கொஞ்சம்தான். ஆனால் பார்த்தது பார்த்ததுதான்.

வெளியே வந்தேன். பூபதி தொப்பி, ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு, எருமையைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவரை இவ்வளவு உற்சாகமாகப் பார்த்ததில்லை. நங்கை கோயிலுக்குப் போயிருந்தார்.

"என்ன ஒரு மாதிரி இருக்கறே?" என்றார்.

"எருமைய நெனச்சா எனக்குக் கவலைதான். போங்க, நேரமாச்சு."

சொல்லவில்லை. சொன்னால் தொப்பியைக் கழற்றிவிடுவார். மதியம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மதியத்துக்குள் என்ன மாறிவிடப் போகிறது?

இம்தியாஸ் வீடியோவில் கூப்பிட்டான். அவன்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாறைக்குழி, வெள்ளை வெயில், இரண்டிரண்டு கல்லாக மஞ்சள் பெயின்ட் அடித்து வாசல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் நடுவில் வண்டி போக வேண்டும்.

முதல் பாறையிலேயே தெரிந்துவிட்டது. முன் சக்கரம் ஒன்று மேலே ஏறியது, மற்றது பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அந்தரத்தில் நின்றது.

"என்ன வாணிக்கா, ஒடம்பெல்லாம் மாவுக்கட்டுப் போட்ட மாதிரி வெறச்சு நிக்குது வண்டி?" என்றான் இம்தியாஸ்.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒரு கடுகு இடம் விடாமல் ரப்பரைத் திணித்தேனே, அது மூட்டைத் திரும்ப விடவில்லை. வீட்டில் கையால் தூக்கிப் பார்த்தபோதே தெரிந்தது. தெரிந்துதான், சரியாகிவிடும் என்று எழுதி வைத்தேன்.

எருமை மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தது. பூபதி ரிமோட்டைப் போட்டுவிட்டு ஒரே தாவாகத் தாவி, இரண்டு கையாலும் அதை ஏந்திப் பிடித்துவிட்டார். "தொடாதீங்க! தொடாதீங்க!" என்று கூட்டம் கத்தியது. அபராதம். திரும்ப வைத்தார்கள், திரும்பச் சாய்ந்தது, திரும்பப் பிடித்தார்.

"விடுங்க!" என்று கத்தினேன். "விழுந்தா விழுந்துட்டுப் போவுது! எதுக்கு எல்லாத்தையும் போய்ப் போய்ப் புடிக்கறீங்க? அது என்ன உங்க கடைக் கண்ணாடியா? விடுங்கன்னா விடுங்க!"

என் சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. பூபதி போனைப் பார்த்து, "ஒடஞ்சா நீ வருத்தப்படுவயேன்னுதான்" என்றார்.

நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்து இம்தியாஸ் போனை ஆட்டினான்.

அப்புறம் சொன்னேன். அபராதம் கட்டி வண்டியை வெளியே எடுங்க, அந்த உறையெல்லாம் அறுத்துப் போடுங்க. இம்தியாஸிடம் கத்தி வாங்கி ஒவ்வொன்றாக அறுத்தார். ரப்பர் வந்தது, சிரிஞ்ச் துண்டுகள் வந்தன. "இது நாம போட்டதுதான?" என்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெறும் கம்பியோடு எருமை ஏறியது. கம்பி பாறையில் உரசுகிற சத்தம் போன் வழியாகவே பல்லைக் கூச வைத்தது. ஒவ்வொரு சக்கரமும் அதது தனக்கான இடத்தைத் தேடிப் போய் ஊன்றியது. நடுவில் ஒருமுறை சாய்ந்தது. பூபதி கையைக் கொண்டு போனவர், சட்டென்று இரண்டு கையையும் ரிமோட்டோடு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அது ஒரு பாறையில் முட்டுக்கொடுத்து அப்படியே நின்றது. "பின்னால எடுங்க, கொஞ்சம், கொஞ்சம்" என்றேன். எடுத்தார். நிமிர்ந்தது.

கடைசி வாசலைத் தாண்டியதும் அவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். முகம் முழுக்க வியர்வை. "வாணி! ஏறிருச்சு! ஏறிருச்சு வாணி!" என்று கத்தினார். கடைசி இடம் வாங்கிய ஆள் கத்துகிற கத்தல் இல்லை அது.

நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். இம்தியாஸும் கைதட்டினான்.

மதியம் வந்தார். சாப்பிடட்டும் என்று விட்டேன். தட்டைக் கழுவ எழுந்தபோது சொன்னேன்.

பிப்ரவரி 16, திங்கள்

டாக்டரிடம் பேசினோம். ஊசியை நிறுத்த வேண்டாம், நாளைக்கே வந்து ரத்தம் கொடுங்கள் என்றார். சில பேருக்கு இப்படியும் ஆவதுண்டாம். பூபதி அதைப் பிடித்துக்கொண்டு ராத்திரி வரை சொல்லிக்கொண்டிருந்தார். நங்கை சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

எருமையைத் துடைத்தேன். எவர்சில்வரிலும் கீறல் விழுந்திருக்கிறது. உறையே கூடாது என்றில்லை. நடுவில் மட்டும் ஒற்றை உறை, இரண்டு முனையிலும் இடம் விட்டு, கம்பியின்மேல் தானாகச் சுழல்கிற மாதிரி விட வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

இல்லை.

பிப்ரவரி 18, புதன்

நங்கை காலை பஸ்ஸில் ஊருக்குப் போனார். போகும்போது என் கன்னத்தைத் தடவி, "போதுஞ் சாமி, ஒடம்பத் தேத்து" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை நானே வண்டி ஓட்டிக்கொண்டு போய் விட்டேன். யாரும் தடுக்கவில்லை. வேகத்தடைகளை வேகமாகவே தாண்டினேன். காலிப் பாத்திரம் உருளுகிற சத்தம் காருக்குள் எங்கிருந்தோ வந்தது, நிறுத்திப் பார்த்தால் ஒன்றுமில்லை.

சாயங்காலம் என்னோடு ஆபீசில் வேலை செய்கிற சத்யா பேசினாள். "எப்படி இருக்கீங்க?" "ஜம்முனு இருக்கேன், ரெண்டு வாரம் ஓசிச் சாப்பாடு" என்றேன். பக்கத்து அறையில் பூபதி கேட்டுக்கொண்டிருந்தார் போல.

பிப்ரவரி 19, வியாழன்

பூபதி இன்று கடை திறக்கவில்லை. காலையில் நெய்த்தோசையும் காப்பியும் பார்சல் வாங்கி வந்தார். எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாணி, ஒண்ணு சொல்லட்டா? ஆஸ்பத்திரில கூப்புட்டிருந்தாங்க. மிச்சம் இருக்கற அந்த ஒண்ண என்ன பண்றதுன்னு கேட்டாங்க. நாளைக்கு வந்து வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுர்றேன்னு சொல்லீட்டேன். நீ வர வேண்டாம், நானே பாத்துக்கறேன்."

"சரி" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"உனக்கு இதுல ஆரம்பத்துல இருந்தே இஷ்டமில்லைன்னு எனக்குத் தெரியும். எனக்காகத்தான் இத்தன குத்தையும் வாங்கீட்ட. நேத்துப் போன்ல சிரிச்சுப் பேசீட்டிருந்தயே, அதக் கேட்டப்ப எனக்கே நிம்மதியா இருந்துச்சு. தப்பிச்சோம்னு இருக்கும்ல உனக்கு? இனி என்ற வாயால இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். சத்தியமா."

அவர் கண்ணில் அவ்வளவு அன்பு இருந்தது. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். வழக்கம்போல ஒரு வேடிக்கைப் பேச்சு தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். நாளைக்கு எல்லாம் முடிந்திருக்கும்.

"எனக்கு வேணுங்க" என்றேன்.

"என்ன, சட்னியா?"

"கொழந்தை. எனக்கு வேணும். உங்களுக்காக இல்ல. எனக்கு."

அவர் பாதி பிரித்த சட்னிப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்திருந்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பச் சொல்ல வராது என்று தெரியும். மூன்று தடவையும் வேண்டும் என்று இருந்தது, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாக வேண்டும் என்று இருந்தது, உங்களுக்காக என்று சொல்லிக்கொண்டால் இல்லையென்று ஆகும்போது அடி பாதியாகக் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை, முழுசாக விழுந்தது, ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது என்றேன். இதை அழாமல் சொன்னேன் என்று எழுத ஆசைதான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் குரலும் உடைந்துவிட்டது. எழுந்து வரப் பார்த்தவர், என்னைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நின்றார். நான்தான் எழுந்து போய் அவர் சட்டையில் முகத்தை வைத்தேன். அவருக்கும் அழுகை வந்துவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ, காப்பி ஆறிப்போனது.

அப்புறம் பூபதி மருத்துவமனைக்குப் போன் போட்டார். "நாளைக்குக் கையெழுத்துப் போட வரலீங்க" என்றார். அப்படியென்றால் என்ன முடிவு என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

நான் போனை வாங்கி, நானே பேசினேன்.